முளை வருகிறது, வேர்தான் ஓட மாட்டேன் என்கிறது

கேள்வி: எங்கள் நிலம் கடலூர் பக்கம், ஆலைக் கழிவுத் தண்ணீர் போகிற ஓடையை ஒட்டி இருக்கிறது. போர் தண்ணீரில் விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி வைத்தால் முளை வந்துவிடுகிறது, ஆனால் வேர் கட்டையாகி நுனி பழுப்பாக நின்றுவிடுகிறது. ஜிப்ரலிக் அமிலத்தில் ஊறவைக்கச் சொல்கிறார்கள் உரக்கடையில். வாங்கலாமா சார்?
- ஒரு வாசகர், கடலூர்

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. நெல் தண்ணீர் குடித்ததும் அதன் கரு ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் (கடையில் சொன்ன ஜிப்ரலிக் அமிலம் அதில் ஒரு வகை), அது தவிட்டுப் படலத்துக்குப் போய் அமைலேஸ் நொதியை உண்டாக்க வைக்கும், அந்த நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்தால்தான் முளைக்குத் தீனி. ஆலைக் கழிவில் வரக்கூடிய காட்மியம் மாதிரி நச்சு உலோகம் உள்ளே போனால் நொதியின் வேலை மந்தமாகும், கூடவே விதையைத் தூங்கவைக்கிற அப்சிசிக் அமிலத்தின் கை ஓங்கும். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் ஜிப்ரலினிலோ சாலிசிலிக் அமிலத்திலோ ஊறிய விதை ஓரளவு தேறி வருகிறது.

ஆனால் உங்கள் விதைக்கு முளைப்பதில் சிக்கலே இல்லையே! உமிக்குள் இருக்கிறவரை அதற்கு ஒரு காவல் இருக்கிறது, வேர் வெளியே எட்டிப் பார்த்ததும்தான் தண்ணீரில் இருப்பதெல்லாம் நேராக அதன் நுனியில் படுகிறது.

எனக்குப் பெரிய கவலை வேறு. ஹார்மோன் கொடுத்துப் பயிரைத் தேற்றிவிட்டாலும் மண்ணில் காட்மியம் இருந்தால் அது எங்கேயும் போகாது, அதே பயிர் உறிஞ்சி அரிசியில் சேர்த்துவிடும். ஜப்பானில் ஜின்சு ஆற்றில் சுரங்கக் கழிவு கலந்து, அந்த அரிசியும் தண்ணீரும் உள்ளே போய், எலும்பு நொறுங்குகிற ‘இதாய் இதாய்’ நோய் வந்தது. காட்மியம்தான் காரணம் என்று 1968-ல் அரசே அறிவித்தது. (ஜிப்ரலினும் அந்த நாட்டு நெல்வயலில்தான், நாற்றை நெட்டையாக்கும் ஒரு பூஞ்சையிலிருந்து கிடைத்தது.)

சரி, என்ன செய்யலாம்? ஒரே விதையை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைப் போர் தண்ணீரிலும் மற்றதைப் பிடித்துவைத்த மழைநீரிலும் நனைத்த துணியில் சுருட்டி வையுங்கள். ஒரு வாரம் கழித்து முளைப்பை எண்ணுவதோடு விடாமல் வேரை அளந்து பாருங்கள். இரண்டிலும் கட்டை என்றால் விதையைச் சந்தேகப்படலாம், மழைநீரில் மட்டும் வெள்ளையாக ஓடியிருந்தால் கோளாறு தண்ணீரில். அப்போதும் உடனே உலோகம் என்று முடிவு கட்டாதீர்கள், கடலோரத்தில் உப்பும் இதே வேலையைத்தான் செய்யும். அப்புறம், மண்வள அட்டையில் உப்பு, துத்தநாகம், தாமிரம் எல்லாம் வரும், காட்மியமும் ஈயமும் வராது, அவற்றைத் தனியாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். மண்ணையும் தண்ணீரையும் சேர்த்தே பரிசோதனைக்குக் கொடுங்கள், முடிவு வரும்வரை விதை ஊறவைக்கவும் நாற்றங்காலுக்கும் மட்டுமாவது வேறு தண்ணீர் பாருங்கள்.