எழுதிய நாடகம் மேடை ஏற: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: ஒன்றரை மணி நேர நாடகம் ஒன்றை எழுதிச் சென்னைக் குழுக்கள் சிலவற்றுக்கு அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. எழுத்தில் குறையா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: குறையைப் பார்க்கும் கட்டத்துக்கே பிரதி போயிருக்காது. நம் குழுக்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டு, சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் ஒத்திகைக்கு வருகிறவர்கள். பிரதி படிக்கவென்று தனி ஆள் கிடையாது. எழுபது பக்கம் வாட்ஸ்அப்பில் வந்தால் ‘அப்புறம் படிக்கலாம்’ என்று ஒதுக்கி, மறந்தே போவார்கள். முதலில் ஒரே ஒரு பக்கம் அனுப்புங்கள்: எட்டு வரியில் கதை, ஆண் எத்தனை பெண் எத்தனை, அவர்கள் வயது, எத்தனை இடங்களில் நடக்கிறது, எவ்வளவு நேரம் ஓடும். கூடவே நன்றாக அமைந்த ஒரு காட்சி, ஐந்து பக்கத்துக்குள்.

இயக்குநரின் கண் முதலில் போவது ஆள் கணக்குக்குத்தான். பன்னிரண்டு பேர் வேண்டுமென்றால் ஒத்திகையில் எல்லாரையும் ஒருசேரப் பிடிப்பதே பெரும்பாடு. ஆறேழு பேருக்குள் அடக்கப் பாருங்கள். ஒருவரே இரண்டு வேடம் கட்டலாம் என்றால் அதையும் குறிப்பிடுங்கள்.

அடுத்தது காட்சி மாற்றம். புதிதாக எழுதுகிறவர்களின் பிரதிகளில் அதிகம் தென்படும் கோளாறு இதுதான்: மூன்றாம் காட்சி வீட்டுக் கூடம், நான்காவது பஸ் ஸ்டாண்ட், ஐந்தாவது மறுபடி கூடம். இரண்டு நிமிடப் பேச்சுக்காக இரண்டு தடவை விளக்கை அணைத்துச் சாமான் மாற்ற வேண்டும். இப்படிப் பதினான்கு காட்சி இருந்தால், மாற்றத்துக்கு அரை நிமிடம் என்றாலும் ஆறு நிமிடத்துக்கு மேல் ஜனங்கள் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் நடந்ததை, பையோடு கூடத்துக்குள் நுழைகிறவரே சொல்லட்டும். அவர் எதைச் சொல்கிறார், எதை மறைக்கிறார் என்பதிலேயே ஒரு நாடகம் கிடைத்துவிடும்.

ஆளறிந்து அனுப்புவதும் முக்கியம். வசனமே பலமான குடும்பக் கதை என்றால், சபாக்களில் (கச்சேரி, நாடகம் நடத்தும் மன்றங்கள்) நாடகம் போடும் குழுக்களுக்கு அனுப்புங்கள். சென்னையின் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் சபா நடத்தும் கோடை நாடக விழாவில் புது நாடகங்கள் அரங்கேறும். அதில் இடம்பெறும் குழுவைப் பிடிக்க வேண்டுமானால் முந்தைய தீபாவளிக்குள் பிரதி கைக்குப் போய்விட வேண்டும். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை போன்றவை நடிகரின் உடலிலிருந்து நாடகத்தைக் கட்டுகிறவை. வசனத்தை மட்டும் நம்பிய பிரதி அங்கே எடுபடாது. எந்தக் குழுவானாலும் அவர்களுடைய நாடகம் ஒன்றிரண்டை நேரில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களிடம் புதுக் கதை கொடுக்கலாமா?

பதில்: சிரமம். அங்கே நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி அழைப்பார்கள். ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையில்தான் சேர்கிறார்கள். ‘வள்ளி திருமணம்’ எல்லாருக்கும் மனப்பாடம் என்பதால்தான் அது நடக்கிறது. உங்கள் பக்கத்துக் கல்லூரி நாடகக் குழு, மாவட்டத்துத் த.மு.எ.க.ச. (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) கலைஞர்கள் ஆகியோரை அணுகுங்கள். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் ‘வள்ளி திருமணம்’ எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைத் துறை இருக்கிறது; நாடகம் படிக்கும் மாணவர்களுக்குப் புதுப் பிரதி எப்போதும் தேவை.

கேள்வி: எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் நாலைந்து பேர் நாடகம் எழுதுகிறோம். குழுக்களின் கண்ணில் பட என்ன செய்யலாம்?

பதில்: வாசிப்பு நிகழ்ச்சி நடத்துங்கள்: நாடகத்தை நடிக்காமல், உட்கார்ந்து வாசித்துக் காட்டுவது. இதைவிடச் செலவு குறைந்த, பலன் அதிகமான வழி இல்லை. நூலகக் கூடம், ஆறு நாற்காலி, முப்பது பார்வையாளர்கள் போதும். எழுதியவர் வாசிக்கக் கூடாது. தன் குரலால் வசனத்தின் ஓட்டைகளை அடைத்துவிடுவார். மேடைக்குறிப்புகளை வாசிக்கத் தனியாக ஒருவர். ஆளுக்கொரு பிரதி, பெரிய எழுத்தில், அவரவர் வசனத்தில் கோடிட்டு. முன்னதாக இரண்டு தடவை சேர்ந்து வாசித்தால் போதும்; ஒத்திகை மிஞ்சினால் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

எழுதியவர் ஓரமாக, ஜனங்களின் முகம் தெரிகிற இடத்தில் உட்கார வேண்டும். எந்தப் பக்கத்தில் செல்போனை எடுக்கிறார்கள், எங்கே இருமுகிறார்கள் என்று பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொண்டே வரட்டும். முடிந்ததும் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சு’ என்பார்கள், அதனால் காசுக்குப் பிரயோஜனமில்லை. ‘யார் யாருக்கு என்ன உறவு என்று எந்த இடத்தில் புரிந்தது?’ என்று கேளுங்கள். இயக்குநர்கள் இரண்டு மூன்று பேரிடம் தேதி கேட்டுக்கொண்ட பிறகே நிகழ்ச்சி நாளை முடிவுசெய்யுங்கள். படிக்க நேரமில்லாதவர்கூட ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பார்.

கேள்வி: குழு சம்மதித்துவிட்டது. எழுத்தில் ஒப்பந்தம் தேவையா?

பதில்: கட்டாயம். ஒரு தடவை மேடையேற்ற எவ்வளவு பணம், எத்தனை ஆண்டு, எந்த ஊர்கள், வசனத்தை மாற்றினால் யாரைக் கேட்க வேண்டும், திரைப்பட உரிமை எழுதியவருக்கே என்பன இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாமல் உரிமை எழுதிக் கொடுத்தால் பதிப்புரிமைச் சட்டப்படி அது ஐந்தாண்டு. வேறுவிதமாக எழுதியிராவிட்டால், ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகிவிடும். பதிப்புரிமையைப் பதிவுசெய்வது கட்டாயமில்லை, ஆனால் 500 ரூபாய்க் கட்டணத்தில் இணையத்திலேயே செய்துகொள்ளலாம். இன்னொருவர் சிறுகதையைத் தழுவியிருந்தால், அவர் மறைந்து 60 ஆண்டு ஆகும்வரை வாரிசின் எழுத்துமூல அனுமதி வேண்டும். அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய, அதாவது நாட்டுடைமையான எழுத்துக்கு அந்தத் தடை இல்லை.

கேள்வி: பிரதியைப் போலீசில் கொடுத்து முன்அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: அந்த நிபந்தனை 1954-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிச் சட்டத்திலிருந்து வந்தது. பரீக்‌ஷா என்ற நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. அரங்க நிர்வாகம் பழைய பழக்கத்தில் கேட்டால் தீர்ப்பின் நகலைக் காட்டுங்கள். திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைப்பதற்கான அனுமதி வேறு விஷயம், அதை வாங்கித்தான் ஆக வேண்டும்.