பிளாஸ்மாவிலிருந்து புரதம் பிரித்தெடுப்பது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எடுத்திருக்கிறேன். கேட்டவர்களின் பெயரைப் போடாமல் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்தப் புரதம் வேண்டும், எதற்கு வேண்டும் என்று முடிவெடுக்காமல், வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜைத் தொட வேண்டாம். இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் ஒரு லீற்றருக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் அல்புமின். இரத்தம் உறைய உதவும் காரணி 8 ஒரு மில்லிகிராம்கூட வராது. இரண்டையும் ஒரே வழியில் எடுக்க முடியாது.

வந்தாறுமூலை: மிஸ், செய்முறைக்குச் சீரம் எடுப்பதா, பிளாஸ்மா எடுப்பதா? எந்த ரியூப்?

தம்பி, உறையும்போது நாராக மாறும் பைப்ரினோஜனோ மற்ற உறைதல் காரணிகளோ வேண்டுமென்றால் பிளாஸ்மாதான். சீரம் என்பது இரத்தம் உறைந்த பிறகு மிஞ்சும் திரவம், அதில் பைப்ரினோஜன் கட்டியோடு போய்விடும். ஐஜிஜி என்ற பிறபொருளெதிரி மட்டும் போதுமென்றால் சீரம் வசதி, நடுவில் உறைந்து தொல்லை தராது. உறைதல் காரணிகளுக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் சிற்றேற்று ரியூப் நல்லது. ஹெப்பரினும் உறையாமல் தடுக்கும், ஆனால் அந்த ரியூப் பாவிக்குமுன் யோசியுங்கள். அதற்கு மின்னேற்றம் அதிகம், மின்னேற்றத்தால் புரதத்தைப் பிடிக்கும் அயன் பரிமாற்றப் பத்தியில் தானே போய் ஒட்டிக்கொள்ளும். ஹெப்பரினோடு ஒட்டிக்கொள்ளும் புரதமான அன்டித்ரொம்பினை எடுக்கப் போகிறவர் அந்த ரியூப்பைத் தொடவே கூடாது.

இரத்தம் எடுத்ததும் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்துவிடுங்கள். சிவந்து போயிருந்தால் செங்கலம் உடைந்திருக்கிறது, அதை வைத்துத் தொடங்க வேண்டாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் கைக்கு வந்த பிறகுதான் மனித இரத்தம்.

களுவாஞ்சிக்குடி: அமோனியம் சல்பேற்று போட்டு ஐஜிஜி எடுக்கப் பார்த்தேன். ஒரே நுரை. வந்த படிவும் சரியாகக் கரையவில்லை. எங்கே பிழை?

மகள், நுரைதான் பிழை. காற்றுக் குமிழியின் ஓரத்தில் புரதம் மடிப்பு விரிந்து பழுதாகிவிடும். அப்படிப் போனது திரும்பக் கரையாது. உப்பு அப்படிச் செய்வதில்லை. அது தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், தண்ணீர் போதாமல் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கீழே வரும். உப்பை எடுத்துவிட்டால் பழையபடி கரையும். நல்லபடியாகச் செய்தால் எதுவும் வீணாகாது.

இப்படிச் செய்து பாருங்கள். சீரத்தை அதே அளவு தாங்கற் கரைசலால் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) ஐதாக்கி, பீக்கரை ஐஸில் வையுங்கள். உப்பை உரலில் பொடியாக்குங்கள், கட்டியாகப் போட்டால் விழுந்த இடத்தில் மட்டும் செறிவு எகிறி வேண்டாத புரதமும் சேர்ந்து வரும். 0 பாகையில் 50 சதவீத நிறைவுக்கு 100 மில்லிலீற்றருக்கு 29.1 கிராம். சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, போட்டது கரைந்த பிறகு அடுத்தது. காந்தக் கலக்கி மெல்லச் சுற்றட்டும், மேற்பரப்பில் குழி விழக்கூடாது. கொஞ்ச நேரத்தில் கரைசல் மங்கும், பிறகு பால் போலாகும். 4 பாகையில் ஒரு மணித்தியாலமாவது விட்டுவிட்டுச் சுழற்றுங்கள். 40, 45 சதவீதத்தில் நிறுத்தினால் அளவு குறையும், ஆனால் அல்புமின் கலப்பும் குறையும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

படிவைக் கொஞ்சத் தாங்கற் கரைசலில் கரைத்து புரதத்தை உள்ளே வைத்து உப்பை வெளியே விடும் டயலிசிஸ் பையில் பாதிக்கு மட்டும் நிரப்புங்கள். உள்ளே உப்பு இருப்பதால் தண்ணீர் உள்ளே போகும். இரவு முழுக்க விட்ட பையைக் காலையில் பார்த்தால் பலூன் போல இறுகியிருக்கும். இடம் விடாதவர்களின் பை வெடித்து எல்லாம் வெளியே போயிருக்கும். உப்புப் போனதா என்று பார்க்க வெளிநீரில் பேரியம் குளோரைட்டு விடுவார்கள், சல்பேற்று இருந்தால் வெண்படிவு வரும். பொஸ்பேற்றுத் தாங்கற் கரைசல் பாவித்தால் அதுவும் வெண்படிவு தரும், ஏமாந்துவிடாதீர்கள். ஐதான ஐதரோகுளோரிக்கமிலம் விட்டுப் பாருங்கள். கரைந்தால் பொஸ்பேற்று, கரையாவிட்டால் சல்பேற்று இன்னும் இருக்கிறது.

அக்கரைப்பற்று: அஸ்ஸலாமு அலைக்கும். அல்புமின் ஊசியை அல்கஹோல் பாவித்துத்தான் செய்கிறார்களாம். உண்மையா? மருந்தில் அது மிஞ்சுமா?

வஅலைக்குமுஸ்ஸலாம். உண்மைதான். ஹார்வர்டில் எட்வின் கோன் என்பவரின் குழு 1940களில் உருவாக்கிய முறை அது. 1941 டிசம்பரில் பேர்ள் ஹார்பர் தாக்குதலில் காயப்பட்டவர்களுக்கு அந்த அல்புமின் கொடுக்கப்பட்டது. இன்றைக்கும் உலகின் பல ஆலைகள் அதன் திருத்திய வடிவங்களில்தான் ஓடுகின்றன.

எதனோலின் அளவு, காரத்தன்மையா அமிலத்தன்மையா என்ற பிஎச், வெப்பநிலை, உப்பின் அளவு, புரதத்தின் செறிவு என்று ஐந்து விடயங்களை மாற்றி மாற்றி ஒவ்வொரு புரதமாக வெளியே எடுப்பார்கள். முதலில் 8 சதவீத எதனோலில் பைப்ரினோஜன் வரும். 25 சதவீதத்தில் ஐஜிஜி போன்ற இம்யூனோகுளோபுலின்கள் வரும். கடைசியாக 40 சதவீதத்தில், பிஎச் 4.8 இல், அல்புமின். நம்மூர் எருமைப்பால் புளித்துத் தயிராக உறைவதும் இதே கணக்குத்தான். பால் புரதமான கேசீனின் மின்னேற்றம் பிஎச் 4.6 அளவில் சமப்பட்டுவிடுவதால் அது திரள்கிறது, அல்புமினுக்கு அந்த இடம் 4.8 க்குப் பக்கத்தில். வேலை முழுக்க பூச்சியத்துக்குக் கீழே, −5 பாகை அளவில் நடக்கும். சூட்டில் எதனோல் புரதத்தைப் பழுதாக்கிவிடும்.

அப்புறம், உறைய வைத்து உலர்த்தியோ நுண்வடிகட்டியில் திரும்பத் திரும்பக் கழுவியோ எதனோலை எடுத்துவிடுவார்கள். மார்க்கத் தீர்ப்பை உங்கள் மௌலவியிடம்தான் கேட்க வேண்டும். அவரிடம் இந்த விவரத்தையும் சொல்லிக் கேளுங்கள்.

கல்முனை: என் மகனுக்கு ஹீமோபிலியா. சில நேரம் பையில் ஏற்றுகிறார்கள், சில நேரம் சின்னக் குப்பி மருந்து. ஏன் இந்த வித்தியாசம்?

தங்கச்சி, ஹீமோபிலியாவில் ஓர் உறைதல் காரணி குறைவதால் இரத்தம் சரியாக உறையாது. பையில் வருவது அந்தக் காரணி உள்ள கிரையோ. ஜூடித் பூல் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி 1964 இல் வெளிப்படுத்திய விடயம். உறைய வைத்த பிளாஸ்மாவை 4 பாகை அளவில் மெல்ல உருக விட்டால் எல்லாம் கரைந்த பிறகும் பையின் அடியில் வெண்மையாக, ஒட்டும் பதத்தில் கொஞ்சம் மிஞ்சும். காரணி 8, வொன் வில்லிபிராண்ட் காரணி, பைப்ரினோஜன் எல்லாம் அதில் நிறைய இருக்கும். மேலே உள்ளதை வடித்துவிட்டு அதை உறைய வைப்பார்கள். எதனோல் ஆலை வேண்டாம், இரத்த வங்கியிலேயே செய்யலாம். ஏழை நாடுகளின் எத்தனையோ பிள்ளைகளைக் காப்பாற்றியது இந்தச் சின்ன விடயம்தான்.

குப்பியில் இருப்பது அதைவிடச் சுத்தமாக்கிய காரணி. எத்தனை அலகு என்று மேலேயே எழுதியிருக்கும், கிருமி அழிக்கும் படிகளும் நடந்திருக்கும். கிரையோவில் பைக்குப் பை அளவு மாறும். குப்பி கிடைக்கும்போது குப்பிதான் மேல், கிடைக்காத இரவில் கிரையோ உயிர் காக்கும்.

ஒன்றை மட்டும் தவறாமல் செய்யுங்கள். மகனுக்கு ஏ வகையா பி வகையா என்று கேட்டு, கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதி வையுங்கள். பி வகைக்கு வேண்டியது காரணி 9, அது கிரையோவில் இல்லை. அவசரத்தில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அந்த ஒரு வரி பெரிய உதவி.

சம்மாந்துறை: பத்தியில் சுத்தமாக்கிய ஐஜிஜியை ஜெல்லில் ஓட்டினால் 66 கிலோடால்டனில் பெரிய பட்டை வருகிறது. என்ன அது?

அல்புமின். சரியாகக் கழுவவில்லை. ஐஜிஜியைப் பிடித்துவைக்கும் புரோட்டின் ஜி பத்தியென்றால், வெளியே வரும் திரவத்தின் 280 நானோமீற்றர் ஒளி உறிஞ்சல் அளவீடு அடிக்கோட்டுக்கு வரும்வரை கழுவுங்கள். பிறகு அமிலக் கிளைசினால் ஐஜிஜியைக் கழற்றும்போது, சேகரிக்கும் ரியூப்பில் முன்கூட்டியே அமிலத்தைச் சமப்படுத்தும் டிரிஸ் கொஞ்சம் விட்டு வையுங்கள், அமிலத்தில் நின்றால் ஐஜிஜி கெட்டுவிடும். சங்கிலிகளைப் பிரித்து ஓட்டிய (ஒடுக்கிய) ஜெல்லில் 50, 25 கிலோடால்டன் என்று இரண்டு பட்டைதான் வர வேண்டும். புரோட்டின் ஏ பத்தியில் ஐஜிஜியின் ஓர் உபவகையான ஐஜிஜி3 பிடிபடாது, அதையும் கணக்கில் எடுங்கள்.

ஏறாவூர்: 2023 இல் நம் நாட்டில் வந்த தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துப் பிரச்சினைக்குப் பிறகு பயமாக இருக்கிறது. ஆயிரம் பேரின் இரத்தத்தில் செய்யும் மருந்தை எப்படி நம்புவது?

உங்கள் பயம் நியாயமானது. 1980களில் பலரின் பிளாஸ்மாவை ஒன்றாக்கிச் செய்த உறைதல் மருந்தால் ஹீமோபிலியா உள்ள ஆயிரக்கணக்கானோருக்கு எச்ஐவி தொற்றியது. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் இன்றைய படிகள் கட்டாயமாகின. கரைப்பானும் சவர்க்காரத் தன்மையுள்ள பொருளும் சேர்த்து வைப்பது எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி போன்ற கொழுப்பு உறையுள்ள வைரசுகளை உடைக்கும். உறையில்லாத ஹெபடைடிஸ் ஏ அதற்கு மசியாது, ஆகவே 20 நானோமீற்றர் அளவுத் துளையுள்ள வடிகட்டியும் வேண்டும். அல்புமினை 60 பாகையில் 10 மணித்தியாலம் சூடாக்குவார்கள். கப்ரிலேற்று என்ற கொழுப்பமில உப்பைச் சேர்ப்பதால் அது திரளாமல் தாங்கும்.

இத்தனையும் செய்த மருந்தா என்பதைக் குப்பியைப் பார்த்து நீங்களோ நானோ சொல்ல முடியாது. பதிவு, தொகுதி இலக்கம், சுயாதீனப் பரிசோதனை என்ற சங்கிலிதான் சொல்லும். 2023 இல் அறுந்தது அந்தச் சங்கிலி. முறைகளில் குறை இல்லை. கொள்வனவைக் கண்காணிக்கச் சொல்லிக் கேட்பது நமது உரிமை.

நாவிதன்வெளி: வயலில் பாம்பு கடித்தால் ஏற்றும் மருந்தும் இரத்தத்தில் செய்வதா?

ஓம் அண்ணன், குதிரையின் பிளாஸ்மாவில். சிறிது சிறிதாக விஷம் ஏற்றிய குதிரையின் பிறபொருளெதிரியை எடுத்து, பெப்சின் நொதியத்தால் வெட்டிச் சுத்தமாக்குவார்கள். குதிரைப் புரதம் என்பதால் ஒவ்வாமை வரலாம், ஆகவே ஆஸ்பத்திரியில் மட்டுமே ஏற்ற வேண்டும். கடிபட்டால் காலைக் கட்டி வெட்டிக்கொண்டு நேரத்தைப் போக்க வேண்டாம்.

திருக்கோவில், ஆசிரியர்: பாடசாலையில் உயர்தர மாணவருக்கு இதில் ஏதாவது செய்து காட்டலாமா?

மனித இரத்தத்தில் வேண்டாம், மாணவரின் விரலைக் குத்தவும் வேண்டாம். முட்டை வெள்ளைக்கரு போதும். தண்ணீரில் ஐதாக்கித் துணியில் வடித்து, அமோனியம் சல்பேற்றைப் பாதி நிறைவு வரை போட்டால் குளோபுலின்கள் படியும். அதை வடித்துவிட்டு மீதித் திரவத்தை நிறைவாக்கினால் ஒவல்புமின் படியும். இரண்டு படிவையும் தண்ணீரில் கரைத்து, புரதத்தைக் காட்டும் பையூரெற் சோதனை செய்தால் ஊதா நிறம் வரும். உப்பில் உள்ள அமோனியம் அந்த நிறத்தைக் குழப்பும், ஆகவே சோதனைக்குக் கொஞ்சப் படிவை மட்டும் எடுத்து, சோடியம் ஐதரொட்சைட்டைத் தாராளமாக விடுங்கள். அமோனியா மணக்கும், யன்னல்களைத் திறந்து வைத்துச் செய்யுங்கள்.