கோல்ஃப் ஹேண்டிகேப்: கேட்டவையும் சொன்னவையும்

கே: சார், நான் பெரும்பாலும் 95 அடிக்கிறேன். பார், அதாவது மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகள், 72. அப்படியானால் என் ஹேண்டிகேப் 23 இருக்க வேண்டும்தானே? 19 என்று காட்டுகிறது.

சரியாகத்தான் காட்டுகிறது. திறமை வேறுபட்டவர்கள் சமமாகப் போட்டி போட, ஒருவருக்குச் சலுகையாகத் தரும் ஸ்ட்ரோக்குகளின் (அடிகளின்) எண்ணிக்கைதான் ஹேண்டிகேப். அதற்கு அடிப்படையான ஹேண்டிகேப் இண்டெக்ஸ் என்பது சராசரி ஸ்கோர் என்று பலரும் நினைக்கிறார்கள். உங்கள் கடைசி 20 ரவுண்டுகளில் சிறந்த 8-ஐ மட்டும் எடுத்துத்தான் சராசரி போடுவார்கள். மற்ற 12-ம் கணக்கில் வராது. நல்ல நாளில் நீங்கள் எப்படி ஆடுவீர்கள் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அதனால் ஹேண்டிகேப் அளவுக்கு ஆடுவது ஐந்து ரவுண்டில் ஒன்றில் நடந்தாலே திருப்திப்படலாம். மற்ற நாட்களில் மூன்று, நான்கு ஸ்ட்ரோக் கூடத்தான் போகும்.

கே: புதிதாகச் சேர்ந்திருக்கிறேன் அண்ணா. எத்தனை ரவுண்டு ஆடினால் ஹேண்டிகேப் கிடைக்கும்?

54 ஹோல் (குழி) போதும் தம்பி. மூன்று முழு ரவுண்டாகவோ ஆறு அரை ரவுண்டாகவோ ஆடலாம், கலந்தும் ஆடலாம். மூன்று ஸ்கோர் மட்டும் இருந்தால், அதில் சிறந்ததை எடுத்து 2 கழித்து உங்கள் முதல் எண்ணைத் தருவார்கள். ஹேண்டிகேப்பின் உச்ச வரம்பு 54.0. பிரிட்டனில் நெடுங்காலம் ஆண்களுக்கு 28, பெண்களுக்கு 36 என்று வைத்திருந்தார்கள். புதியவர்களுக்கு அது எட்டாத உயரம். 2018-இல் அங்கே ஆண், பெண் எல்லோருக்கும் 54 ஆனது; 2020-இல் உலகம் முழுவதற்கும் வந்த ஒரே முறையிலும் அதே 54 தான். எனவே 48 என்று வந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

கே: ஸ்கிராட்ச், போகி கோல்ஃபர், சிங்கிள் ஹேண்டிகேப்... யார் எந்த மட்டம்?

ஸ்கிராட்ச் என்றால் பூஜ்யம். 9 வரை உள்ளவரை சிங்கிள் என்பார்கள். கிளப்பில் அவருக்குத் தனி மரியாதை. போகி கோல்ஃபர் என்பவர் ஆண்களில் 20 அளவிலும் பெண்களில் 24 அளவிலும் இருப்பவர். அமெரிக்காவில் முறையாக ஹேண்டிகேப் வைத்திருப்பவர்களின் சராசரியே ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 28-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. ஹேண்டிகேப்பே வைத்துக்கொள்ளாமல் ஆடுகிறவர்களையும் சேர்த்தால் இன்னும் மேலே போகும். டிவியில் பார்ப்பதை வைத்து நம்மை எடைபோடக் கூடாது.

கே: ஒரே இண்டெக்ஸ் 18-க்கு ஒரு மைதானத்தில் 18 ஸ்ட்ரோக் தருகிறார்கள், இன்னொன்றில் 21. ஏன் இந்தக் குழப்பம்?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. ஒவ்வொரு டீக்கும் (முதல் அடி அடிக்கும் இடத்துக்கும்) இரண்டு எண்கள் உண்டு. ஸ்கிராட்ச் ஆட்டக்காரர் அங்கே எவ்வளவு அடிப்பார் என்பது கோர்ஸ் ரேட்டிங். அவரைவிடப் போகி கோல்ஃபருக்கு அந்த இடம் எவ்வளவு கூடுதலாகக் கஷ்டம் கொடுக்கும் என்பது ஸ்லோப். இது 55 முதல் 155 வரை இருக்கும். நிலையான மதிப்பு 113.

அந்த மைதானத்தில் உங்களுக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக்கை, அதாவது கோர்ஸ் ஹேண்டிகேப்பை, போடும் கணக்கு இதுதான்: இண்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி, 113-ஆல் வகுத்து, கோர்ஸ் ரேட்டிங்கிலிருந்து பாரைக் கழித்து வருவதைக் கூட்டுங்கள். ஸ்லோப் 125, ரேட்டிங் 70.5, பார் 72 என்றால் 19.9-இல் 1.5 குறைந்து 18 வரும். ஸ்லோப் 130, ரேட்டிங்கும் பாரும் 72 என்றால் 20.7, முழு எண்ணாக 21.

தண்ணீரும் காடும் குறுக்கே வரும் மைதானத்தில் ஸ்கிராட்ச் ஆட்டக்காரர் அவற்றைத் தாண்டி அடித்துவிடுவார். பந்தை அதற்குள் தொலைப்பது நாம்தான். ஸ்லோப் ஏறினால் நமக்குக் கூடுதல் ஸ்ட்ரோக் கிடைப்பது அதனால்தான்.

கே: ஒரு பார் 4 ஹோலில் பங்கரில் (மணல் குழியில்) மாட்டி 11 அடித்தேன். மொத்த ரவுண்டும் போச்சா?

போட்டியில் 11 தான், அதில் சலுகை இல்லை. ஹேண்டிகேப் கணக்குக்கு மட்டும் ஒரு ஹோலுக்கு உச்சம் உண்டு: பார், அதோடு 2, அதோடு அந்த ஹோலில் உங்களுக்குக் கிடைக்கும் ஸ்ட்ரோக். உங்களுக்கு 18 என்றால் ஹோலுக்கு ஒன்று வீதம். ஆகவே 7 என்று பதிவாகும்.

கே: ஹேண்டிகேப் 22 என்று சொல்லிக்கொண்டு ஒருவர் ஒவ்வொரு கோப்பையையும் தூக்கிக்கொண்டு போகிறார். கேட்பாரே இல்லையா?

இவர்களைத்தான் சாண்ட்பேகர் என்பார்கள். சாதாரண நாட்களில் வேண்டுமென்றே மோசமான ஸ்கோர்களைப் பதிவு செய்து எண்ணை உயர்த்தி வைத்துக்கொள்வது இவர்கள் வழக்கம். அதற்குக் கடிவாளம் உண்டு. ஒரு ரவுண்டில் இண்டெக்ஸைவிட 7 குறைவாக வந்தால் உடனே 1 வெட்டப்படும். 10 குறைந்தால் 2. ஏறுவதற்கும் தடை உண்டு: 12 மாதத்தில் அவர் தொட்ட மிகக் குறைந்த எண்ணிலிருந்து 3-க்கு மேல் ஏறும் பகுதி பாதியாகும், 5-க்கு மேல் ஏறவே முடியாது. இதற்கும் மசியாதவர் என்றால் கிளப்பின் ஹேண்டிகேப் கமிட்டி தலையிட்டுத் திருத்தலாம். பல கமிட்டிகள் முகதாட்சண்யம் பார்த்து இதைச் செய்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

எதிர் ரகமும் உண்டு. 8 என்று பெருமைக்கு வைத்துக்கொண்டு, குழிக்கு அருகில் மெல்லத் தட்ட வேண்டிய குட்டைப் பட்களையெல்லாம் அடிக்காமலே உள்ளே விழுந்ததாகக் கணக்கு வைப்பவர். அவரால் யாருக்கும் நஷ்டமில்லை, பந்தயம் கட்டும்போது அவருக்கே தவிர.

கே: கணவர் 16, நான் 30. டீயும் வேறு. நியாயமாகப் போட்டி போட முடியுமா ஐயா?

தாராளமாக முடியும் அம்மா. உங்கள் டீயின் ரேட்டிங்கும் ஸ்லோப்பும் பெண்களுக்கெனத் தனியே அளக்கப்பட்டவை. இருவரும் அவரவர் டீக்குக் கோர்ஸ் ஹேண்டிகேப் போட்டுக்கொள்ளுங்கள். வித்தியாசம் 14 என்று வந்தால், ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (அட்டையில் உள்ள ஹோல்களின் கடின வரிசை) 1 முதல் 14 வரையுள்ள ஹோல்களில் உங்களுக்கு ஒவ்வொரு ஸ்ட்ரோக். கணவர் முகம் சுளித்தால் அட்டையைக் காட்டுங்கள்.

கே: தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு இருக்கும்?

தொழில்முறைப் போட்டிகளில் ஹேண்டிகேப்புக்கு வேலையே இல்லை. எல்லோருக்கும் சமக் கணக்கு. அமெச்சூர்களில் மிகச் சிறந்தவர்களுக்கு +5, +6 என்றுகூட இருக்கும். அந்தப் பிளஸ் குறிக்கு, ஸ்ட்ரோக் வாங்காமல் மைதானத்துக்குத் திருப்பித் தருகிறவர் என்று அர்த்தம்.

கே: காலையில் தனியாகப் போய் ஆடி 84 அடித்தேன். பதிவு செய்யலாமா?

கூடாது. உடன் ஒருவராவது இருந்தால்தான் செல்லும். அந்த 84-ஐ நம்புகிறேன்; அடுத்த வாரம் நண்பரோடு போய் அடியுங்கள்.