எடை குறையாததற்குக் காபிதான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 42. இரண்டு மாதமாக மதியம் சாதத்தைக் குறைத்து, இரவு இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். எடை அசையவே இல்லை. ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் ஃபில்டர் காபி குடிப்பேன். காபி குடித்தால் டயட் பலிக்காது என்கிறார்கள். விட்டுவிடட்டுமா? தைராய்டு மாத்திரையும் சாப்பிடுகிறேன்.

பதில்: அடியோடு விட வேண்டியதில்லை. பாலும் சர்க்கரையும் இல்லாத வெறும் காபியில் ஒரு டம்ளருக்கு ஐந்து கலோரிகூடத் தேறாது. அதில் கலப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பச்சை பாக்கெட் பால் என்றே வைத்துக்கொள்வோம். கொழுப்பு 4.5 சதவீதம். டம்ளருக்கு 120 மி.லி. ஊற்றினால் சுமார் 85 கலோரி, இரண்டு ஸ்பூன் சர்க்கரைக்கு 40. நான்கு டம்ளருக்கு 500 கலோரி வந்துவிடுகிறது, கிட்டத்தட்ட இரண்டரை கப் சாதம்! தட்டில் குறைத்தது டம்ளர் வழியாக உள்ளே போகிறது.

நான்கை இரண்டாக்குங்கள். கொழுப்பு குறைவான நீல பாக்கெட் பால், அதுவும் அரை டம்ளருக்கு மேல் வேண்டாம். டிகாக்‌ஷனைக் கொஞ்சம் கூட்டி, சர்க்கரையை அரை ஸ்பூனாக்குங்கள். சில நாள் கசக்கும், அப்புறம் நாக்கு பழகிவிடும். நாட்டுச்சர்க்கரைக்கு மாறினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. வெண்ணெய் போட்ட காபியும் அப்படித்தான், ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயே 100 கலோரி.

இரண்டாவது டம்ளரை மதியம் மூன்று மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக் காபி இரவு பதினொன்றுக்கும் உடம்பில் இருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் நொறுக்குத்தீனி ஆசையும் கூடும்.

சாப்பாட்டோடும், சாப்பிட்ட கையோடும் காபி வேண்டாம். கீரை, பயறுகளில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் கவலைப்படுவது தைராய்டு மாத்திரையைப் பற்றித்தான். பலரும் மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, அடுப்பில் பால் பொங்குவதற்குள் காபி கலக்கப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. தைராய்டு கட்டுக்குள் இல்லாவிட்டால் எடை இறங்குவதும் சிரமம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்துக் காபி. இதுவரை உடனே குடித்து வந்திருந்தால், நேரத்தை மாற்றிய ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்து டாக்டரிடம் காட்டுங்கள். மருந்து முன்பைவிட நன்றாக உறிஞ்சப்படும் என்பதால், மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம்.