சாக்லேட்டைக் கண்டுபிடித்தது சுவிட்சர்லாந்தா, பெல்ஜியமா? இந்தியாவில் நல்ல சாக்லேட் கிடைக்குமா?

இரண்டு நாடும் இல்லைங்க. வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ ஏர்போர்ட்டில் வாங்கிய டப்பாவை உங்கள் கையில் கொடுத்து "இதுதான் ஒரிஜினல்" என்று சொல்லியிருப்பார்கள், அதில் வந்த சந்தேகம் என்று நினைக்கிறேன். எங்கள் சொந்தத்திலும் இந்தப் பேச்சு உண்டு. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோகோ வைத்திருக்கிறோம், அதனால் எனக்குச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

கோகோ தென் அமெரிக்கக் காட்டு மரம். ஈக்வடாரில் சாந்தா அனா லா ஃப்ளோரிடா என்ற இடத்தில் தோண்டி எடுத்த பாத்திரங்களில் ஒட்டியிருந்த கோகோவுக்கு வயது சுமார் 5,300 ஆண்டு என்று 2018-ல் ஆய்வு வெளியானது. மெக்சிகோ, குவாத்தமாலா பக்கத்துப் பூர்வகுடிகளான மாயா மக்கள் கொட்டையை அரைத்துத் தண்ணீரில் கரைத்துக் குடித்தார்கள். நுரை வருவதற்காக ஒரு பெண் நின்றுகொண்டு உயரத்திலிருந்து கீழே உள்ள பாத்திரத்தில் ஊற்றுகிற காட்சி பழைய மாயா மண்கலம் ஒன்றில் வரைந்திருக்கிறது. நம் டீ மாஸ்டர் ஆற்றுகிறாரே, அதே மாதிரி.

ஐரோப்பாவுக்கு அது போனதே 16-ஆம் நூற்றாண்டில், ஸ்பானியர்கள் வழியாக. கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறை 1828-ல் நெதர்லாந்தில் வந்தது. கட்டிச் சாக்லேட் 1847-ல் இங்கிலாந்தில். பால் சேர்த்தது 1875-ல் டேனியல் பீட்டர், மணிக்கணக்கில் கலக்கி வழவழப்பாக்கியது 1879-ல் ரொடால்ஃப் லிண்ட். இவர்கள் இருவரும்தான் சுவிட்சர்லாந்துக்காரர்கள்.

"அப்போ அவங்க செஞ்சது ஒண்ணுமில்லையா" என்று கமெண்டில் கேட்க வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மெஷின் வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. நாக்கில் கரைவது அந்த வேலையால்தான். ஆனால் சாக்லேட் வாசனைக்கு அஸ்திவாரம் விழுவது தோட்டத்தில், கொட்டை புளிக்கிற அந்த ஐந்தாறு நாளில். சரியாகப் புளிக்காத கொட்டையை எந்த ஊர் மெஷினில் போட்டாலும் அந்த வாசனை வராது.

காய் அடிமரத்திலேயே காய்க்கும். திருகிப் பறிக்கக் கூடாது, அடுத்த பூ அதே இடத்தில்தான் வரும், கத்தரித்துத்தான் எடுக்க வேண்டும். உடைத்தால் வெள்ளைச் சதையோடு கொட்டைகள். வாழை இலை விரித்த மரப்பெட்டியில் கொட்டி மேலே சாக்குப் போட்டு மூடுவோம். முதலில் கள்ளு வாசம் வரும். அப்புறம் காடி நெடி மூக்கில் ஏறும். உள்ளே சூடு 50 டிகிரியை நெருங்கும், கையை வைத்திருக்க முடியாது. ஒருநாள் விட்டு ஒருநாள் மரக் கரண்டியால் கிளறிவிட வேண்டும். எங்கள் அத்தை சாக்கைத் தூக்கி மோந்து பார்த்தே "இன்னைக்குக் களத்துல கொட்டிரலாம் கண்ணு" என்பார். கொப்பரை காயப்போடும் அதே களத்தில் காய்கிறது.

காய்ந்த கொட்டையை நெடுக்காக வெட்டினால் எல்லாம் தெரிந்துவிடும். நன்றாகப் புளித்தது பழுப்பாக, உள்ளே வெடிப்பு வெடிப்பாக இருக்கும். அரைகுறை என்றால் ஊதா. புளிக்கவே இல்லை என்றால் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருக்கும், கடித்தால் வாய் துவர்த்துப் போகும்.

கொள்முதலுக்கு வந்த வியாபாரி ஒருவரிடம் அத்தை இப்படி வெட்டிக் காட்டினார். "பாருங்க தம்பி, உள்ள எப்படி வெடிச்சிருக்குதுன்னு." அவர் கொட்டையைக் கையில்கூட வாங்கவில்லை. "எல்லாம் ஒரே லோடுலதானுங்கம்மா போகுது. ஒரே ரேட்டுதானுங்க." ஒரே நாளில் அலசி வெயிலில் போட்ட கொட்டைக்கும் எங்களுடையதற்கும் ஒரே விலை.

மெக்சிகோவில் ட்லாஸ்கலாவில் 1545-ல் எழுதிய ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. அப்போது அங்கே கோகோ கொட்டைதான் சில்லறைக் காசு. வான்கோழி முட்டைக்கு 3 கொட்டை. நல்ல வான்கோழிப் பெட்டைக்குத் திரண்ட கொட்டை என்றால் 100, சுருங்கிய கொட்டை என்றால் 120. தோலுக்குள் மண்ணை அடைத்து ஏமாற்றியவர்களும் இருந்ததால், கொட்டையைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். அந்தச் சந்தையில் இருந்த நியாயம் எங்கள் களத்துக்கு வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். எல்லா வியாபாரியும் இப்படி என்று சொல்லவில்லை.

2024-ல் ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைச்சல் படுத்து, உலகச் சந்தையில் டன் 12,000 டாலரைத் தாண்டியது. அப்போது எந்தக் கொட்டையானாலும் போட்டி போட்டு வாங்கினார்கள். விலை இறங்கியதும் பழைய கதைதான்.

தென்னையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோகோவுக்கு நிழல் தென்னை. அந்தத் தென்னையை வெள்ளை ஈயும் வாடல் நோயும் தின்கின்றன. ஈ விடுகிற பிசின் கீழே கோகோ இலைமேல் சொட்டி, அதில் கரும்பூஞ்சாணம் படர்ந்து இலையே கறுப்பாகிவிடுகிறது. நோய் வந்து வெட்டிய மரங்களை அதிகாரிகள் வந்து எண்ணிக்கொண்டு போனார்கள். நிவாரணம் இன்னும் வரவில்லை. மரம் போனால் கோகோவும் வெயிலில் கருகிப் போகும், இதை யாரிடம் சொல்வது?

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. கிடைக்கும். பொள்ளாச்சி, இடுக்கி, கோதாவரிப் பக்கத்துத் தோட்டங்களில் நேரடியாகக் கொட்டை வாங்கிச் செய்கிற சின்னத் தயாரிப்பாளர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். நல்ல கொட்டைக்குக் கூடுதல் விலையும் தருகிறார்கள். உறையைத் திருப்பிப் பாருங்கள். கோகோவும் கோகோ வெண்ணெயும் சர்க்கரையும் இருந்தால் வாங்குங்கள், தாவர எண்ணெய்க் கொழுப்பு என்று போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். எந்தத் தோட்டத்துக் கொட்டை என்று அச்சிட்டிருந்தால் இன்னும் நல்லது. விலை கூடத்தான் இருக்கும். எடுத்த எடுப்பில் கோகோ 70 சதவீதம் உள்ளதை வாங்கினால் கசப்பில் வெறுத்துவிடும், 50, 55-ல் ஆரம்பியுங்கள்.