கனடாப் புழுவை நம் குளத்து விரால் கொத்துமா?

கேள்வி: கனடாவிலிருந்து வந்த மாமா, அங்கே சிறிய ஏரிகளில் பாஸ் மீன் பிடிக்கிற பிளாஸ்டிக் புழுக்களையும் தவளைகளையும் ஒரு பெட்டி நிறையத் தந்துவிட்டுப் போனார். சாவகச்சேரிப் பக்கத்துக் குளமொன்றில் எறிந்து பார்க்கிறேன், பாசிதான் வருகிறது. இரை பிழையா, நான் எறிவது பிழையா? கோயில் கேணியிலும் எறியலாமா?

பதில்: இரையில் பிழை இல்லை. மாமாவின் முறையும் அவருடைய ஏரிக்குச் சரியானதுதான். ஆனால் பாஸ் வட அமெரிக்க மீன். உங்கள் குளத்தில் அது கிடையாது. அது மூழ்கிய மரத்தடியிலோ பாசி ஓரத்திலோ பதுங்கியிருக்கும். புழுவை அடிவரை இறங்கவிட்டு, மெல்ல இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்தால் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். உங்கள் குளத்தில் வேட்டையாடுவது விரால். அதற்குக் காற்றைச் சுவாசித்தே ஆகவேண்டும் என்பதால், அடிக்கடி மேலே வந்து வாய் திறந்துவிட்டுப் போகும். நீங்கள் அடித்தரையைத் துழாவுகிறீர்கள். அது அல்லி இலைக்குக் கீழே இருக்கிறது.

ஆகவே முதலில் எறியாதீர்கள். காலையிலோ வெயில் சாய்ந்த பிறகோ கரையில் சற்று நின்று பாருங்கள். இலைகளுக்கு நடுவே நீர் கலங்கி ஒரு வளையம் விரிந்தால் அது விரால் மூச்செடுத்த இடம். பெட்டியிலிருந்து தவளையை எடுங்கள். வளையத்தின் மேலேயே போடாமல், அதற்கு அப்பால் விழும்படி எறிந்து, இலைகளின் மேலாக இழுத்து வாருங்கள். இலைகளுக்கிடையே வெறும் நீர் தெரிகிற இடத்தில் ஒரு கணம் நிறுத்துங்கள். பெரும்பாலும் அங்கேதான் பாயும். பாய்ந்த சத்தம் கேட்டவுடன் கம்பைச் சுண்டினால் தவளை வெறுமனே பறந்து வந்து உங்கள் காலடியில் விழும். நூலில் கனம் தெரியும்வரை பொறுத்து, பிறகு பலமாக இழுங்கள். இந்தப் பொறுமையைக் கற்றுக்கொள்வதுதான் இதில் கடினமான பகுதி; மற்றதெல்லாம் வாங்கிவிடலாம்.

புழுவையும் வீணாக்க வேண்டாம். கூம்பு வடிவ ஈயத்தைக் கூர்முனை முன்னே இருக்க நூலில் கோத்து, கழுத்து வளைந்த தூண்டில் முள்ளைக் கட்டுங்கள். முள்ளின் நுனியைப் புழுவின் தலைக்குள் அரை சென்டிமீற்றர் அளவு செலுத்தி, பக்கவாட்டில் வெளியே எடுத்துத் திருப்பி, மறுபடி உடலுக்குள் புதைத்துவிடுங்கள். நுனி மறைந்திருந்தால் பாசியில் மாட்டாது. டெக்சாஸ் கட்டு என்று மாமா சொல்லியிருப்பாரே, அது இதுதான். புழு நேராக இருக்கவேண்டும்; வளைந்திருந்தால் சுழன்று நூலை முறுக்கிவிடும். ஆழமில்லாத நம் குளங்களுக்கு மூன்று, நான்கு கிராம் ஈயமே போதும். ஈயமே இல்லாமல் இழுத்தாலும் நல்லது.

மெல்லிய தங்கூசி (ஒற்றையிழை நைலோன் நூல்) இதற்கு உதவாது. அது நீண்டு கொடுப்பதால் விராலின் எலும்பு வாயில் முள் ஏறாது; ஏறினாலும் மீன் பாசிக்குள் புகுந்து அறுத்துக்கொண்டு போய்விடும். தடித்த பின்னல் நூல் போடுங்கள்.

மாரி மழையில் நீர் கலங்கியிருக்கும்போது கறுப்பு இரை, தெளிந்த பிறகு பச்சை. என் கணக்கில் நல்ல காலம் தை, மாசி: நீர் தெளிந்து, இலைகள் படர்ந்து நிற்கும். கோடையில் சிறு குளங்கள் வற்றினால் விரால் சேற்றுக்குள் புதைந்துவிடும். அப்போது எறிந்து பயனில்லை. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே கொப்பளிப்பதைக் கண்டால் அந்த இடத்தில் எறிய வேண்டாம். தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். காவல் மீன் எதையும் ஆவேசமாகத் தாக்குமென்பதால் பிடிப்பது எளிது. ஆனால் அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும்.

மாமாவின் பழக்கத்துக்கு நெருக்கமான மீன் வேண்டுமென்றால் தொண்டைமானாற்றுப் பக்கம் போய்க் கொடுவாவைத் தேடுங்கள். அதுவும் மறைவில் நின்று உறிஞ்சி விழுங்கும் மீன். துடுப்பு வால் கொண்ட மீன்வடிவப் பிளாஸ்டிக் இரை பெட்டியில் இருந்தால் அதற்குக் கட்டுங்கள். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போல வெட்டும். நூலின் நுனியில் தடித்த தங்கூசி ஒரு முழம் சேர்த்துக்கொள்ளுங்கள். விரலையும் அங்கே வைக்காதீர்கள். வன்னிப் பக்கக் குளங்களுக்குப் போனால் நீரில் இறங்க வேண்டாம், முதலை உண்டு. அங்குள்ள மீனவர் சங்கத்தாரிடம் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் இரைகளை விடாதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும். கிழிந்த துண்டுகளைக் குளத்தில் வீசாமல் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்; பிளாஸ்டிக் துண்டை விழுங்கும் மீனுக்கு அது செரிக்காது.

கோயில் கேணியில் வேண்டாம். அங்கிருக்கும் மீன்கள் பொரி போடும் கைகளுக்குப் பழகியவை. அவற்றைப் பிடிக்க மாமாவின் பெட்டி தேவையில்லை. பிடித்துவிட்டால் தர்மகர்த்தாவிடம் பதில் சொல்லப் போவதும் நீங்கள்தான்.