எதிரே உள்ள மைதானத்தில் அடுக்குமாடி வருகிறது. தடுக்க முடியுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வர்த்தில் 40 வருஷமாகக் குடியிருக்கிறோம். எதிரே உள்ள திறந்தவெளியில்தான் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். காவடி சமயத்தில் கோவிலுக்கு வருகிறவர்களின் வண்டிகளும் அங்கேதான் நிற்கும். இப்போது அதை அடுக்குமாடிக் குடியிருப்புக்காக ரீசோனிங் (நிலப் பயன்பாட்டு வகையை மாற்றுவது) செய்யப்போவதாகக் கம்பத்தில் நோட்டீஸ் கட்டியிருக்கிறார்கள். 200 பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதுமா? (ஓய்வு பெற்ற ஆசிரியை)

பதில்: போதாது, அம்மா. ஒரே வரிக்குக் கீழே 200 கையெழுத்து இருந்தால், அதை ஒரே ஆட்சேபணையாக எண்ணிவிட வாய்ப்பு அதிகம். 20 வீடுகள் தனித்தனியாக எழுதட்டும். அந்தந்த வீட்டின் முகவரி, மைதானத்திலிருந்து எவ்வளவு தூரம், தங்களுக்கு என்ன பாதிப்பு என்று அரைப் பக்கம் எழுதினால் போதும். நோட்டீஸில் போட்டிருக்கும் கடைசித் தேதிக்குள் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள். தேதி போனால், பாதிக்கப்பட்டவர் என்பதை நீங்களே நிரூபித்து உள்ளே நுழைய வேண்டியிருக்கும்.

என்ன எழுதுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'கண்டவர்கள் குடிவருவார்கள், எங்கள் வீட்டு விலை இறங்கும்' என்று மட்டும் எழுதாதீர்கள். இடம்சார் திட்டமிடல், நிலப் பயன்பாடு குறித்த 2013ஆம் ஆண்டுச் சட்டம் (எல்லோரும் ஸ்ப்ளூமா என்பார்கள்) பழைய இன ஒதுக்கலைச் சரிசெய்வதைத் தன் முதல் கொள்கைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. சாட்ஸ்வர்த்தே, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் இந்திய வம்சாவளியினரான நம் மக்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த ஊர். நாமே அந்தக் குரலில் பேசினால் காதுக்கும் நன்றாக இராது, வழக்குக்கும் நல்லதில்லை. வீடு தேவை என்பதை ஒப்புக்கொண்டு, இந்த இடம் ஏன் சரியில்லை என்று சொல்லுங்கள்.

அதற்குச் சட்டத்திலேயே பிடிமானம் இருக்கிறது. ரீசோனிங் விண்ணப்பத்தை முடிவு செய்யும்போது மாநகராட்சியின் திட்டமிடல் தீர்ப்பாயம் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஸ்ப்ளூமா 42ஆம் பிரிவு சொல்கிறது. பொதுநலன், சாலை, தண்ணீர், கழிவுநீர் போன்ற வசதிகளின் நிலை, சமூக வசதிகள் ஆகியவற்றோடு திறந்தவெளித் தேவையையும் அது நேரடியாகவே குறிப்பிடுகிறது. ஆகவே பக்கத்தில் நடந்து போகும் தூரத்தில் வேறு மைதானம் உண்டா என்று ஒரு மாலை நடந்து பார்த்து எழுதுங்கள். மழை பெய்தால் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்பதையும் படமெடுங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனில் வடிகால் பேச்சை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நிலம் டிமாஸ் எனப்படும் மாநகரத் திறந்தவெளி அமைப்புக்குள் வருகிறதா என்பதையும் மாநகராட்சி வரைபடத்தில் பாருங்கள். வந்தால் உங்கள் கை ஓங்கும்.

அப்புறம், நிலம் யாருடையது? பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் பத்திர நகல் எடுத்துப் பாருங்கள். பூங்காவுக்கு மட்டும் என்று நிபந்தனை இருந்தால், அதை நீக்கத் தனி அனுமதி வேண்டும். மாநகராட்சி நிலமாக இருந்து தனியாருக்குக் கொடுப்பதென்றால், 2003ஆம் ஆண்டு நகராட்சி நிதி மேலாண்மைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். அடிப்படைச் சேவைக்கு அந்த நிலம் தேவையில்லை என்று பொதுமக்களுக்குத் திறந்த கூட்டத்தில் கவுன்சில் முடிவெடுக்க வேண்டும். ரீசோனிங் கிடைத்துவிட்டால் விற்பனையும் முடிந்தது என்று நினைத்துப் பலர் இந்த வாசலைக் கவனிப்பதே இல்லை. போக்குவரத்து அறிக்கையும் மற்றக் கோப்புகளும் தர மறுத்தால் பாயா எனப்படும் தகவல் சட்டப்படி கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு உண்டு. அதற்காகக் காத்திருந்து ஆட்சேபணைத் தேதியை விட்டுவிடாதீர்கள்.

தீர்ப்பாயம் அனுமதி கொடுத்துவிட்டால், முடிவு அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் காரணங்களோடு மாநகராட்சி மேலாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் தோற்றால் உயர் நீதிமன்ற மறுஆய்வு. தாமதிக்காமல், எப்படியும் 180 நாளுக்குள் போக வேண்டும். செலவை நினைத்துப் பயப்படுவீர்கள். உங்கள் வக்கீல் கட்டணம் உங்களுடையதுதான். ஆனால் அரசுக்கு எதிராக அரசியலமைப்பு உரிமைக்காக நேர்மையாகப் போராடித் தோற்றவர் மீது பொதுவாக எதிர்த்தரப்புச் செலவைச் சுமத்தக் கூடாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல் பயோவாட்ச் வழக்கில் சொல்லியிருக்கிறது. தனியார் கட்டுமானக்காரரின் செலவு விஷயத்தில் இந்தப் பாதுகாப்பை முழுதாக நம்ப வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் கம்பி மறைத்துக் கடைசித் தேதி பாதிதான் தெரிகிறது. நாளைக் காலையே போய் இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள்.